அம்மாவின் நோய் எங்கிருந்து வந்தது? – மருத்துவக் காப்பீட்டுப் பரிசீலனைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவக் காப்பீட்டுக் கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் குழுவினருக்கு,

அம்மாவின் புற்றுநோய் எந்த உறுப்பில் தொடங்கியது என்று பார்க்கும் மரபணுப் பரிசோதனை ஒன்றுக்கு உங்களிடம் அனுமதி கேட்டிருந்தோம். 2025 மார்ச் 11-ஆம் தேதி மதியம் உங்களிடமிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. அம்மாவின் பெயர், பாலிசி எண், அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. கேட்கப்பட்ட பரிசோதனை நிரூபிக்கப்படாதது, சிகிச்சைக்கு அவசியமில்லாதது, எனவே அனுமதி இல்லை. மேல்முறையீடு செய்தேன். மார்ச் 27 அன்று அதே வரி, ஒரு எழுத்துகூட மாறாமல் திரும்ப வந்தது. அப்புறம் நாங்களே பணம் புரட்டிப் பரிசோதனையைச் செய்து பில்லை அனுப்பியபோது மூன்றாவது முறையும் அதே வரி. அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல். உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. கோப்பு உங்களிடம் இருக்கிறது, படித்தாலே எந்தக் கேஸ் என்று தெரிந்துவிடும். மற்ற நிறுவனங்களில் இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களும் படிக்க வேண்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அப்போது 61 வயது. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வில்லிவாக்கம் வந்தவர். முப்பத்தெட்டு வருஷம் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர். என் ஆபீஸ் குரூப் பாலிசியில் அவரைச் சேர்த்திருந்தேன், ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் அதற்கான பணம் பிடித்தம் ஆனது. பொங்கல் முடிந்த வாரம் வலது விலாவுக்குக் கீழே வலி என்றார். கூடவே முதுகு வலி. குனிந்து தைப்பவருக்கு முதுகு வலிக்காமல் இருக்குமா என்று ஓமத் தண்ணீரும் தைலமுமாக மூன்று வாரம் ஓட்டினோம். பிப்ரவரி முதல் வாரம் எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் ஏழெட்டுக் கட்டிகள், முதுகெலும்பில் ஒன்று. கட்டியிலிருந்து திசு எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களில் தொடங்கும் புற்றுநோய் என்று வந்தது. இது செகண்டரி, அதாவது வேறெங்கோ இருந்து பரவி வந்தது மாதிரி இருக்கிறது, ப்ரைமரி, அதாவது நோய் தொடங்கிய இடம் எங்கே என்று தேட வேண்டும் என்றார்கள்.

தேடினார்கள். மேமோகிராம், எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி, கடைசியாகப் பெட் ஸ்கேன். எங்கேயும் எதுவும் கிடைக்கவில்லை. இவை எல்லாவற்றுக்கும் நீங்கள் பணம் கொடுத்தீர்கள், அதை மறைத்துவிட்டு உங்கள்மேல் குறை சொல்ல நான் விரும்பவில்லை. அதன்பின், செல் எந்த உறுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் புரதங்களைத் தேடி, பயாப்ஸி திசுவில் ஒவ்வொரு சாயமாகப் போட்டுப் பார்த்தார்கள். முதலில் நான்கு, அப்புறம் ஆறு, அப்புறம் இன்னும் நான்கு என்று மொத்தம் பதினான்கு. சிகே7 என்ற புரதம் பாசிட்டிவ், சிகே20 நெகட்டிவ். டிடிஎஃப்-1 இல்லை, ஆகவே நுரையீரலாக இருக்கும் வாய்ப்பு குறைவு. காட்டா3 இல்லை, மார்பகமாக இருக்காது என்று நினைக்கலாம். பாக்ஸ்8 இல்லை, சினைப்பையும் கிட்டத்தட்ட விலகியது. சிஏ 19-9 என்ற புற்றுநோய்க் குறிப்பான் ரத்தத்தில் கொஞ்சம் கூடுதல், ஆனால் அதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. மிச்சம் இருந்தது இரைப்பை, கணையம், பித்தநாளம், அல்லது இதெல்லாம் இல்லாத வேறு ஏதாவது.

தொடக்க இடம் தெரியாத புற்றுநோய் என்று ஒரு வகை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேர் வரை இந்தக் கணக்கில் வருவதாகப் பாடப் புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். தொடங்கிய கட்டி இல்லாமல் போய்விடுவதில்லை, கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக எங்கோ இருக்கிறது. இறந்தபின் உடற்கூறாய்வு செய்து பார்த்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேருக்கு அது கிடைத்திருக்கிறது, பெரும்பாலும் நுரையீரலிலோ கணையம், பித்தநாளம் பக்கமோ. உயிரோடு இருக்கும்போது கிடைக்காதது செத்த பிறகு கிடைக்கிறது என்று படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மா கேட்டது ஒன்றுதான். டாக்டரிடம் கேட்கத் தயங்கி என்னிடம் கேட்டார். "ஏட்டி, எங்கருந்து வந்துச்சுன்னே தெரியாமலா மருந்து குடுக்காவ?"

டாக்டர் காதில் அது விழுந்துவிட்டது. இளம் வயதுப் பெண். அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க திருநெல்வேலிப் பக்கமா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்று அம்மாவுக்கு ஆச்சரியம். "ஏட்டின்னு சொன்னீங்களே. சென்னைக்கு வந்து எத்தனை வருஷமாச்சு? ஆனாலும் பேச்சு போகல பாருங்க. உங்க கட்டியும் அப்படித்தான்மா, கல்லீரலுக்குக் குடிவந்து உட்கார்ந்திருக்கு, ஆனா அது பொறந்த ஊர்ப் பேச்சு உள்ளே இருக்கும். அதைக் கேக்கறதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு" என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை, அதனால்தான் உங்களுக்கும் அப்படியே எழுதுகிறேன். நுரையீரல் செல்லில் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றனவோ அவை வேறு, பித்தநாளச் செல்லில் வேலை செய்பவை வேறு. செல் கெட்டுப்போய் இடம் மாறிப் போனாலும் அந்தப் பழக்கத்தில் ஒரு பகுதி மிஞ்சியிருக்கிறது. பயாப்ஸித் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கிலிருந்து அதை அளந்து, தெரிந்த கட்டிகளின் வரிசையோடு ஒப்பிட்டு, எதற்கு மிக நெருக்கம் என்று சொல்கிறார்கள். 92 மரபணுக்களை அளக்கும் பரிசோதனை ஒன்று, 90 மரபணுக்களை அளப்பது இன்னொன்று, டிஎன்ஏ மேல் ஒட்டியிருக்கும் மீத்தைல் என்ற வேதிக் குறிகளைப் பார்ப்பது வேறொன்று. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த வகையில் ஒரு பரிசோதனைக்கு 2008-லேயே அனுமதி கொடுத்திருக்கிறது. தொடக்க இடம் ஏற்கெனவே தெரிந்த கட்டிகளைக் கொடுத்துச் சோதித்தபோது பத்தில் எட்டொன்பது முறை சரியாகச் சொல்கின்றன. பத்துக்குப் பத்து இல்லை. அதையும் சொல்லிவிட்டுத்தான் டாக்டர் இந்தப் பரிசோதனையைக் கேட்டார்.

மார்ச் 4 அன்று அந்த மருத்துவமனையின் ட்யூமர் போர்டில், அதாவது பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசும் குழுவில், அம்மாவின் கேஸை எடுத்துப் பேசினார்கள். புற்றுநோய் மருத்துவர், நோய்க்குறியியல் மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், அறுவைச் சிகிச்சை மருத்துவர் என நாலு பேரும் கையெழுத்துப் போட்டு இந்தப் பரிசோதனை வேண்டும் என்று எழுதினார்கள். அன்று சாயங்காலமே இன்ஷூரன்ஸ் டெஸ்க்கிலிருந்து உங்களுக்குப் போனது. உங்கள் பதிலை மேலே சொல்லிவிட்டேன். நாலு கையெழுத்துக்குப் பதில் ஒரு வரி. அதில் கையெழுத்து இல்லை, பெயர் இல்லை, அதை எழுதியவர் டாக்டரா இல்லையா என்பதுகூடத் தெரியாது.

இரண்டாவது மறுப்போடு ஓர் இணைப்பு அனுப்பினீர்கள், ஜப்பானில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு. அதை நான் படித்தேன். எழுதப்பட்ட மொழி எனக்குப் பழக்கமில்லாதது, ஆபீஸ் முடிந்து வந்து நாலு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 101 நோயாளிகளின் முடிவுகளை ஒப்பிட்டிருக்கிறார்கள். மரபணுப் பரிசோதனை சொன்ன உறுப்புக்கு ஏற்ற மருந்து ஒரு பாதிப் பேருக்கு, எல்லாருக்கும் கொடுக்கும் வழக்கமான கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் கீமோ இன்னொரு பாதிக்கு. ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 44 சதவீதம், இரண்டாவதில் 54.9 சதவீதம். பரிசோதனையால் பலன் இல்லை. ஐரோப்பாவில் 243 பேரிடம் செய்த இன்னோர் ஆய்விலும் இப்படித்தான். இது உண்மை, நான் மறுக்கவில்லை. இந்தப் பரிசோதனையை எல்லாருக்கும் வழக்கமாகச் செய்யும்படி சர்வதேச வழிகாட்டு நெறிகள் சொல்லவில்லை என்பதும் தெரியும்.

ஆனால் நீங்கள் அனுப்பிய அதே கட்டுரையிலேயே, மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை என்று பரிசோதனை சொன்னவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள் என்றும் இருக்கிறது. 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்விலும் இதே விஷயம், மருந்துக்குக் கட்டுப்படும் வகையினர் வாழ்ந்தது 13.4 மாதம், மற்றவர்கள் 7.6 மாதம். அந்த வித்தியாசம் நோயின் குணத்தால் வந்திருக்கலாம், மருந்தால்தான் என்று சொல்லிவிட முடியாது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். எந்த வகை என்று தெரிந்தாலே மருந்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது, எவ்வளவு தூரம் போராடலாம், எங்கே நிறுத்தலாம் என்று குடும்பத்தால் முடிவெடுக்க முடிகிறதே, அது ஒன்றுமில்லாத விஷயமா?

அடுத்தது 2024. உங்கள் மறுப்புக்கு முந்தைய வருஷம். ஷாங்காயில் 182 பேரிடம் 90 மரபணுப் பரிசோதனையை வைத்துச் செய்த ஆய்வு லான்செட் ஆங்காலஜி என்ற மருத்துவ இதழில் வந்தது. உறுப்பைக் கண்டுபிடித்து அதற்கேற்ற மருந்து கொடுத்தவர்களுக்கு நோய் திரும்ப வளராமல் இருந்த காலம் 9.6 மாதம், வழக்கமான கீமோவில் 6.6 மாதம். அதே வருஷம் லான்செட்டில் இன்னொன்று, கப்பிஸ்கோ என்று பெயர், 436 பேர். அது உறுப்பைத் தேடவில்லை, கட்டியில் உள்ள மரபணு மாற்றங்களைப் பார்த்து மருந்து கொடுத்தது. அதிலும் அப்படி மருந்து கொடுத்தவர்களுக்கு நோய் வளராமல் இருந்த காலம் 6.1 மாதம், வழக்கமான கீமோவில் 4.4 மாதம். இவை பெரிய எண்கள் இல்லை. ஒரே மருத்துவமனையில் செய்தது, உயிர்வாழ்ந்த காலத்தில் உறுதியான வித்தியாசம் காட்டவில்லை என்று ஷாங்காய் ஆய்வின்மேல் குறை சொல்லலாம். ஆனால் ஒரு பக்கம் இரண்டு ஆய்வு, இன்னொரு பக்கம் இரண்டு ஆய்வு என்று நிபுணர்களே இன்னும் பேசிக்கொண்டிருக்கும் விஷயத்தில், ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, அதிலும் பழையதை எடுத்து, எங்களுக்கு அனுப்பிவிட்டு முடிந்தது என்றீர்கள். புதியவற்றை உங்கள் குழுவில் யாராவது படித்திருந்தால் அதை ஏன் பொருட்படுத்தவில்லை என்று எழுதியிருக்கலாம். ஒரு பத்தி எழுதியிருந்தால்கூட நான் மதித்திருப்பேன்.

மார்ச் 14-ல் கீமோ ஆரம்பித்தது. எந்த உறுப்பு என்று தெரியாததால் எல்லாருக்கும் கொடுக்கும் அதே கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல். அதற்கு நீங்கள் தடை சொல்லவில்லை. இரண்டாவது சுற்றிலேயே விரல் நுனிகள் மரத்துப்போக ஆரம்பித்தன. பாக்லிடாக்சலின் தெரிந்த பக்கவிளைவுதான் இது, டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அம்மா ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்து, ஊசி கையில் இருக்கிறதா கீழே விழுந்துவிட்டதா என்று தெரியாமல் தரையைத் தடவிக்கொண்டிருந்ததைக் கதவோரம் நின்று பார்த்தேன். கூப்பிடவில்லை. அன்றைக்கு அவர் தைக்க எடுத்தது என் மகளின் பள்ளிக்கூடச் சீருடைப் பாவாடை.

ஏப்ரல் முதல் வாரம் என் தாலிச் சங்கிலியையும் அண்ணியின் இரண்டு வளையல்களையும் அடகு வைத்து, பிளாக்கைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒன்பது நாள் கழித்து அங்கிருந்து பதில் வந்தது, போதுமான திசு இல்லை என்று. பதினான்கு சாயத்துக்கும் சீவிச் சீவி எடுத்ததில் பிளாக்கில் மெழுகுதான் மிச்சம். ஊசியில் எடுக்கும் பயாப்ஸி என்றால் நூல் கனத்தில் இரண்டு மூன்று துண்டு, அவ்வளவுதான் இருக்கும். மார்ச் 4-க்குள் பாதிச் சாயத்தோடு நிறுத்தி மீதியைப் பத்திரப்படுத்தியிருந்தால் இந்த நிலைமை வந்திருக்காது. இந்தத் தவறு உங்களுடையது இல்லை, மருத்துவமனையின் லேபில் நடந்தது, அவர்களிடம் தனியாகப் பேசிவிட்டேன். ஆனால் இதிலும் உங்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

கீமோவில் குறைந்த ரத்த அணுக்கள் ஏறும்வரை காத்திருந்து ஏப்ரல் 25-ல் மறுபடி பயாப்ஸி. அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்கு நான் பட்ட பாட்டை இங்கே எழுத விருப்பமில்லை. மே 15-ல் ரிப்போர்ட் வந்தது. பித்தநாளத்தோடு மிக நெருக்கம். அதைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர்கள் பிப்ரவரி ஸ்கேனை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். கல்லீரலில் இருந்த கட்டிகளில் பெரியதாக ஒன்று இருந்தது, எல்லாமே வேறெங்கோ இருந்து வந்தவை என்று நினைத்திருந்தோம், அந்தப் பெரிய கட்டிதான் பித்தநாளத்தில் தொடங்கியது, மற்றவை அதிலிருந்து பரவியவை என்று முடிவுக்கு வந்தார்கள். அதே வாரம் எடுத்த புது ஸ்கேனில் மூன்று சுற்றுக் கீமோவுக்குப் பிறகும் கட்டிகள் வளர்ந்திருந்தன.

மார்ச் 4-லிருந்து மே 15 வரை 72 நாள். இதில் உங்களுக்காகக் காத்திருந்தது 23 நாள். எல்லாப் பழியையும் உங்கள் தலையில் போடவில்லை, 23 நாளை மட்டும் போடுகிறேன்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த மடலை எழுத வைத்தது. பித்தநாளப் புற்றுநோய்க்கு ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் கொடுப்பார்கள். பிரிட்டனில் 410 பேரிடம் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், ஜெம்சிடபின் மட்டும் கொடுத்தால் நோயாளிகள் வாழ்ந்தது 8.1 மாதம், சிஸ்பிளாட்டினும் சேர்த்தால் 11.7 மாதம் என்று தெரிந்ததிலிருந்து இதுதான் அடிப்படைச் சிகிச்சை. இரண்டுமே பழைய மருந்துகள், காப்புரிமை முடிந்தவை, விலை குறைவு. மரபணுப் பரிசோதனை என்றாலே அதன் பின்னால் மாதம் லட்சக்கணக்கில் ஆகும் மருந்து வரும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள் போல, எங்களுக்கு வந்தது இதுதான். மருந்தை மாற்ற அனுமதி கேட்டு மருத்துவமனை உங்களுக்கு எழுதியது. நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள்: கீமோ மாற்றத்துக்குக் காரணம் என்ன, ப்ரைமரி உறுப்பு எது, அதற்கான ஆதாரத்தை இணைக்கவும்.

ஆதாரமாக எங்களிடம் இருந்தது அந்த ரிப்போர்ட்தான். சிகிச்சைக்கு அவசியமில்லை என்று நீங்கள் சொன்ன அதே பரிசோதனையின் ரிப்போர்ட். அதை இணைத்தோம். இரண்டே நாளில் அனுமதி கொடுத்தீர்கள். உங்கள் படிவத்திலேயே ப்ரைமரி உறுப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பாமல் விண்ணப்பம் நகராது. அந்தக் கட்டத்தை நிரப்ப நீங்கள் ஏற்றுக்கொண்ட காகிதம் அது. அதன் பில்லை ஜூன் மாதம் அனுப்பினேன், மறுபடி அந்த ஒரு வரி. அவசியமில்லாத காகிதத்தை வைத்து எப்படி அனுமதி கொடுத்தீர்கள்? இந்தக் கேள்விக்கு மட்டுமாவது நேரான பதில் வேண்டும். உங்கள் கால் சென்டருக்கு ஏழு முறை போன் செய்தேன், ஏழு பேரும் பரிவாகத்தான் பேசினார்கள், ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அம்மாவின் விரல் நரம்புகள் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்ததால் சிஸ்பிளாட்டினை முழு அளவில் கொடுக்க முடியவில்லை, அதுவும் நரம்பைப் பாதிக்கும் மருந்து. குறைத்துக் கொடுத்து, நாலு சுற்றுக்குப் பிறகு நிறுத்திவிட்டு ஜெம்சிடபின் மட்டும் தொடர்ந்தார்கள். முதலிலேயே இதில் ஆரம்பித்திருந்தால் முழு அளவு கொடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஆகஸ்ட் ஸ்கேனில் கட்டிகள் கொஞ்சம் சுருங்கியிருந்தன. முதுகு வலி குறைந்தது. ஆடி கடைசி வெள்ளிக்கு அவரே நின்று கூழ் காய்ச்சினார். சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தனக்கு வந்திருப்பது பித்தநாளத்தில் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை யாரிடமும் நோயைப் பற்றிப் பேசாதவர். பேர் தெரிந்த பிறகுதான் அவருக்கு அதைப் பற்றிப் பேச வந்தது. அக்டோபரில் மறுபடி வளர்ந்தது. கார்த்திகை தீபத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது அம்மா போய்விட்டார்.

பரிசோதனையை மார்ச்சிலேயே அனுமதித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அவர் நோய் அப்படிப்பட்டது. இன்னும் எத்தனை மாதம் கிடைத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மரத்துப்போகாத விரல்களோடு இருந்திருப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் இருக்கிறது.

இனி உங்கள் பாலிசி வாசகத்துக்கு வருகிறேன். நீங்கள் காட்டிய விதிவிலக்கு 16-ஆம் எண், நிரூபிக்கப்படாத சிகிச்சைகள் பற்றியது. பலனைக் காட்டப் போதிய மருத்துவ ஆவணங்கள் இல்லாத சிகிச்சைகள் என்று அதில் விளக்கம் இருக்கிறது. முதல் விஷயம், கேட்கப்பட்டது சிகிச்சையே இல்லை, ஏற்கெனவே எடுத்த திசுவில் செய்யும் பரிசோதனை. இரண்டாவது, ஆவணங்கள் இருக்கின்றன, சாதகமாகவும் பாதகமாகவும் நிறையவே இருக்கின்றன, மேலே எழுதியிருக்கிறேன். பரிசோதனைகளுக்கென்று 4-ஆம் எண் விதிவிலக்கு தனியாக இருக்கிறது. தற்போதைய நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் தொடர்பில்லாத பரிசோதனைச் செலவுகளைத் தர மாட்டோம் என்கிறது அது. நோய் எந்த உறுப்பில் தொடங்கியது என்று பார்ப்பதைவிட நோயறிதலோடு தொடர்புள்ள செலவு வேறென்ன இருக்க முடியும்? அப்புறம், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டு மாஸ்டர் சர்க்குலரில், நிறுவனத்தின் தயாரிப்பு மேலாண்மைக் குழுவின் ஒப்புதலோ, அதன் உட்பிரிவான மூன்று பேர் கொண்ட கிளெய்ம் மறுபரிசீலனைக் குழுவின் ஒப்புதலோ இல்லாமல் எந்தக் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது, நிராகரித்தால் பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஜூன் மாத பில்லைப் பார்த்த குழுவினர் யார், என்ன பேசினார்கள் என்பதை நான் கேட்பது உரிமையோடுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீமோ வார்டில் பக்கத்துக் கட்டிலில் திருவள்ளூர் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். அவருக்கும் ப்ரைமரி தெரியவில்லை, அக்குளில் கட்டி, மேமோகிராமில் எதுவும் இல்லை. அவருக்கு எந்த மரபணுப் பரிசோதனையும் தேவைப்படவில்லை, பெண்களுக்கு அக்குள் நெறிக்கட்டியில் மட்டும் அடினோகார்சினோமா வந்தால் மார்பகப் புற்றுநோயாக எடுத்துக்கொண்டு வைத்தியம் செய்வது பல காலமாக இருக்கும் வழக்கம், அவருக்கு அந்த வைத்தியம் நன்றாகவே கேட்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் வைத்தியம் மாறும் என்பதை நீங்கள் ஏற்கெனவே ஒத்துக்கொண்டு அந்த அக்காவைப் போன்றவர்களுக்குப் பணம் கொடுத்து வருகிறீர்கள். எல்லாருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. ஸ்கேனும் சாயமும் முடித்து, அதன்பிறகும் இரண்டு மூன்று உறுப்புகளுக்கு நடுவில் டாக்டர்கள் நிற்கும்போது, நோயாளிக்கு மேற்கொண்டு வைத்தியம் தாங்கும் உடம்பு இருக்கும்போது, அப்போது மட்டும்.

நான் கேட்பவை இவை.

ட்யூமர் போர்டு எழுதிக் கொடுத்துப் பரிந்துரைத்தால், தொடக்க இடம் தெரியாத புற்றுநோய்க்கு இந்த மரபணுப் பரிசோதனையைப் பாலிசித் தொகைக்குள் அனுமதியுங்கள். திசு போதாமல் மறுபடி பயாப்ஸி செய்ய நேர்ந்தால் அதையும் சேர்த்து. முழுவதும் தர முடியாது என்றால் ஓர் உச்சவரம்பு வையுங்கள், ஆனால் அதைப் பாலிசியில் எழுதி வையுங்கள், நோய் வந்த பிறகு மெயிலில் சொல்லாதீர்கள்.

புற்றுநோய் சம்பந்தமான மறுப்பு எதுவானாலும் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கோப்பைப் படித்து, தன் பெயரையும் பதிவு எண்ணையும் போட்டு, காரணத்தை எழுதட்டும். அதுவும் மூன்று வேலை நாளுக்குள். மேல்முறையீட்டை முதலில் மறுத்தவரே பார்க்கக் கூடாது.

ப்ரைமரி உறுப்புக்கு ஆதாரம் கேட்கிறீர்கள் என்றால் அந்த ஆதாரத்துக்கு ஆகும் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அந்தக் கட்டத்தை வைத்து யாருடைய மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

உங்களோடு ஒப்பந்தத்தில் இருக்கும் சென்னை மருத்துவமனைகளுக்கு ஒரு நிபந்தனை வையுங்கள்: ப்ரைமரி தெரியாத கேஸில் முதல் சுற்றுச் சாயத்துக்குப் பிறகு, பிளாக்கில் மரபணுப் பரிசோதனைக்குத் திசு ஒதுக்கிவிட்டுத்தான் அடுத்த சாயம். எலும்பிலிருந்து எடுத்த பயாப்ஸியாக இருந்தால் இன்னும் கவனம், எலும்பை மென்மையாக்க வலுவான அமிலத்தில் ஊறவைத்தால் மரபணு சிதைந்து பரிசோதனைக்கு உதவாமல் போய்விடும். இந்த நிபந்தனையை வைக்க உங்களால்தான் முடியும், பில்லுக்குப் பணம் கொடுப்பவர் சொன்னால் லேபில் கேட்பார்கள். மேலே உங்கள் பங்கு என்று சொன்னது இதைத்தான்.

மறுப்புக் கடிதத்தைத் தமிழிலும் அனுப்புங்கள். அம்மா எட்டாவது வரை படித்தவர், தினமும் காலையில் பேப்பர் முழுவதையும் படிப்பவர். தன்னைப் பற்றி வந்த கடிதத்தை மட்டும் என்னிடம் நீட்டி, "என்னட்டி போட்டிருக்கு?" என்று கேட்டார். நான் பொய் சொன்னேன்.

கடைசியாக, எங்கள் கோப்பை மறுபடி திறந்து, ஜூன் மாத பில்லின் மீது காரணத்தோடு ஒரு முடிவைச் சொல்லுங்கள். இந்த மடல் வெளியான நாளிலிருந்து முப்பது நாள் பார்ப்பேன். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கான மனு தயாராக இருக்கிறது, மூன்று மறுப்பு மெயில்களும் இரண்டு நாளில் வந்த அந்த அனுமதியும் அதில் பக்கத்துப் பக்கமாக இணைக்கப்பட்டிருக்கின்றன.

வில்லிவாக்கத்திலிருந்து,
ஒரு பாலிசிதாரர்